போறணை: அடுப்பா, கடையா?

சொல் தேடும் பகுதி: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஈழத்து உணவுச் சொற்களைப் பற்றி எழுதியபோது, "போறணை" என்ற சொல்லை விளக்கம் எதுவும் தராமல் ஓரிடத்தில் கையாண்டிருந்தேன். அதைத் தொட்டுக் கடலின் இரு கரைகளிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. எல்லாம் ஒரே சொல்லைச் சுற்றியவை என்பதால், இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: எங்கள் ஊரில் ஒரு முடக்கைப் (தெருத் திருப்பத்தை) "போறணையடி" என்போம். அங்கே முன்பு பாண் (தமிழ்நாட்டில் ரொட்டி, பிரெட்) சுட்டு விற்றார்களாம். "போறணைக்குப் போய் ஒரு இறாத்தல் பாண் வாங்கி வா" என்று அம்மம்மா சொல்லியனுப்புவார். ஆனால் வெக்கை மிகுந்த நாட்களில் "வீடு போறணையாய்க் கிடக்கு" என்றும் அவரே சொல்வார். போறணை என்பது பாண் விற்கும் கடையா, பாண் வேகும் அடுப்பா? (வாசகி, வடமராட்சி)

பதில்: உங்கள் அம்மம்மா இரண்டு பொருளிலும் சரியாகவே பேசியிருக்கிறார். சொல்லின் முதற்பொருள் அடுப்பு. அந்த அடுப்பை நடுவில் வைத்து எழும்பிய கட்டடத்துக்கும், அங்கே நடந்த தொழிலுக்கும், பின்னர் அந்த முடக்குக்கும் அதே பெயர் பரவியது. வெக்கையைச் சொல்லும்போது அவர் நினைத்தது அடுப்பை. பாண் வாங்க அனுப்பியபோது நினைத்தது இடத்தை.

அடுப்பு என்றவுடன் நாம் எண்ணுவது மூன்று கல்லும் மேலே ஒரு பானையும் ஆகும். போறணை அந்த வகையைச் சேர்ந்ததன்று. செங்கல்லால் தளம் பாவி, சுற்றிச் சுவர் எழுப்பி, மேலே குவிந்த கூரையிட்டு, முன்புறம் ஒரு வாய் மட்டும் விட்டுக் கட்டப்படும் ஓர் அறை அது. பழைய முறையில் விறகை அந்த அறைக்குள்ளேயே அடுக்கி எரிப்பார்கள். செங்கல் முழுவதும் நன்றாகக் காய்ந்த பிறகு தணலையும் சாம்பலையும் வெளியே இழுத்துவிட்டு, ஈரச் சாக்கினால் தளத்தைத் துடைத்து, நீண்ட பிடியுள்ள மரத் தட்டினால் மா நிறைந்த அச்சுகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி, வாயை அடைத்துவிடுவார்கள். பாண் வேகும் நேரத்தில் உள்ளே சுவாலை இல்லை. செங்கல் வாங்கி வைத்திருந்த வெப்பம் மேலிருந்தும் கீழிருந்தும் பக்கங்களிலிருந்தும் ஒரே சீராக இறங்கி மாவை வேக வைக்கிறது. அந்தச் சூடு மெல்லத் தணிந்து வரும்போது, குறைந்த வெப்பம் போதுமான பணிசும் (பன்) பிஸ்கற்றும் உள்ளே போகும். எஞ்சிய இளஞ்சூட்டில் றஸ்க் காயும். ஒருமுறை எரித்த விறகைக் கடைசிச் சூடு வரை பயன்கொள்ளும் இந்த ஒழுங்கை அறிந்தவர்களே நல்ல பாண் சுட்டார்கள். மா குழைப்பதைவிடவும் போறணையின் சூட்டைக் கையால் அறிந்து சொல்வது பெரிய கைத்திறன் என்பது என் எண்ணம்.

இவ்வளவு பெரிய செங்கல் அறையை இடம் மாற்ற முடியாது. கட்டிய இடத்தில் அது நிற்கும்; அதைச் சுற்றித்தான் மா குழைக்கும் மேசை, விறகு அடுக்கும் கொட்டில், பாண் விற்கும் திண்ணை எல்லாம் அமையும். ஆகவே ஊரார் இடத்தையே அடுப்பின் பெயரால் அழைத்தது இயல்பு. எண்ணெய் ஆட்டும் செக்கு நின்ற இடம் செக்கடி ஆனதும், கொல்லனின் உலை இருந்த இடம் உலைக்களம் ஆனதும் இந்த வழியில்தான். உங்கள் ஊர்ப் போறணையடியும் புளியடி, தேரடி போன்ற பெயர்களின் வரிசையில் வருவதே.

மூலச் சொல்லும் இதே இரட்டை வாழ்வு வாழ்ந்தது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். போறணைக்கு அடியாக உள்ளது போர்த்துக்கேய மொழியின் "ஃபோர்னோ". அதற்கும் முன்னால் இலத்தீனின் "ஃபுர்னுஸ்". உரோமர்கள் இந்தச் சொல்லை அடுப்புக்கும் வழங்கினார்கள், பாண் சுடும் இடத்துக்கும் வழங்கினார்கள். இத்தாலியில் இன்றும் "ஃபோர்னோ" என்று பலகை எழுதிய கடைக்குள் நுழைந்தால் ரொட்டிதான் விற்பார்கள். பிரான்சில் பிரபுக்களின் காலத்தில் ஊருக்குப் பொதுவான பெரிய அடுப்பு ஒன்று இருக்கும். குடிகள் வீட்டில் பிசைந்த மாவை அங்கே எடுத்துச் சென்று, பிரபுவுக்கு உரிய கட்டணம் செலுத்தி வேக வைத்து வர வேண்டும். 1789-இல் தொடங்கிய புரட்சியோடுதான் அந்த உரிமை ஒழிந்தது. அடுப்பை ஒவ்வொரு வீட்டிலும் கட்ட முடியாத காலத்தில், அடுப்பு இருந்த இடமே ஊரின் பாண் இடமாக இருந்தது. போர்த்துக்கேய மொழியில் பெரும்பாலும் "ஃபோர்னோ" அடுப்பாகவே நின்றுவிட, கடைக்குப் "பதாரியா" என்ற வேறொரு சொல் அமைந்தது. யாழ்ப்பாணத்து மக்கள் தாம் கடன்பெற்ற மொழியில் பரவலாக இல்லாத பொருள் விரிவைத் தாமாகவே செய்துகொண்டார்கள் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

சொல்லின் வழக்கு அத்தோடு நிற்கவுமில்லை. சிப்பியையும் சுண்ணக்கல்லையும் நீற்றும் சூளையைச் சுண்ணாம்புப் போறணை என்று சொல்லும் வழக்கும் உண்டு. சிங்களத்திலும் இதே மூலத்திலிருந்து வந்த "போரணுவ" என்ற சொல் பாண் அடுப்புக்கும் சுண்ணாம்புச் சூளைக்கும் பொதுவாக வழங்குகிறது.

கேள்வி: ஈழத்துச் சிறுகதைகளைப் படிக்கும்போது "போறணை", "பாண்" ஆகிய சொற்கள் வருகின்றன. தமிழ்நாட்டில் நாங்கள் ரொட்டி, பேக்கரி என்கிறோம். போர்த்துகீசியர் இலங்கையை விட்டுச் சென்ற பிறகு டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் அவர்களைவிட நீண்ட காலம் யாழ்ப்பாணத்தை ஆண்டிருக்கிறார்கள். இருந்தும் இந்தச் சொற்கள் மட்டும் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தது ஏன்? (வாசகர், திருச்சிராப்பள்ளி)

பதில்: கேள்வி நுட்பமானது. போர்த்துக்கேயர் இலங்கைக் கரையில் முதலில் இறங்கியது 1505-இல். யாழ்ப்பாண அரசு அவர்கள் கையில் வீழ்ந்தது 1619-இல். 1658-இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். ஆக யாழ்ப்பாணத்தை அவர்கள் நேராக ஆண்டது நாற்பது ஆண்டுக்கும் குறைவு. அதன்பின் ஒல்லாந்தர் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு, ஆங்கிலேயர் அதற்கும் மேல்.

ஆனால் ஆட்சி மாறிய வேகத்தில் பேச்சு மாறவில்லை. போர்த்துக்கேயரும் உள்ளூராரும் கலந்து வாழ்ந்ததில் உருவான ஒரு கலப்புப் போர்த்துக்கேயம், ஒல்லாந்தர் காலத்திலும் கரையோர நகரங்களின் பொதுமொழியாக நீடித்தது. ஒல்லாந்த அதிகாரிகளின் வீடுகளிலேயே அந்த மொழி பேசப்பட்டது. அதை மாற்ற அவர்களுடைய அரசு எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை. சமையலறை, வீட்டு வேலை, கைத்தொழில் ஆகியவை நடந்த மொழி அதுவாக இருந்ததால், அந்தப் புலத்துச் சொற்கள் அதிலிருந்தே தமிழுக்குள் வந்தன. பாண், போறணை, குசினி (சமையலறை), மேசை, அலமாரி, சாவி எல்லாம் இந்த வழியில் வந்தவை. ஒல்லாந்த மொழி தந்த சொற்களைப் பாருங்கள்: கந்தோர் என்பது அலுவலகம், கக்கூசு என்பது கழிப்பிடம். அவர்கள் எதைக் கட்டி, எதை நடத்தினார்களோ அதன் பெயர்தான் அவர்கள் மொழியிலிருந்து தங்கியது. பாண் சுடுவது அவர்கள் வருமுன்பே பெயர் பெற்றுவிட்ட தொழில்.

ஒலி மாறிய முறையையும் கேட்டிருக்கலாம் என்று நினைத்து எழுதுகிறேன். தமிழில் இல்லாத ஃப என்ற ஒலி பகரமாகும். கோப்பி, காப்பி என்ற வடிவங்களிலும் இதைக் காணலாம். ரகர மெய்யும் னகரமும் அடுத்தடுத்து நிற்பது தமிழ் நாவுக்கு இயல்பன்று என்பதால், வர்ணம் வருணமானது போல இடையில் ஓர் உயிர் நுழைந்தது. இறுதி ஓகாரம் ஐகாரமானதற்குக் "கோப்போ" என்ற போர்த்துக்கேயச் சொல் கோப்பையாக வந்ததே துணைச் சான்று. இவ்வளவு மாற்றங்களுக்குப் பிறகு சொல் முழுத் தமிழ் உருவம் பெற்றுவிட்டது. போறணையை, போறணைக்கு, போறணையில் என்று வேற்றுமை உருபுகளை அது தடையின்றி ஏற்கிறது. அடி, வாய், சூடு என்று எந்தத் தமிழ்ச் சொல்லோடும் சேர்கிறது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இன்னொரு செய்தி. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. மா கப்பலில்தான் வர வேண்டும். 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. கோதுமை மா பங்கீட்டில் சேர்ந்தது. அதுவரை சோறும் பிட்டும் இடியப்பமும் உண்டு வந்த கிராமங்களுக்கும் பாண் பரவலாகப் போய்ச் சேர்ந்தது. 1970-களின் தட்டுப்பாட்டில் விடியுமுன்னே பாணுக்கு வரிசையில் நின்ற நினைவு அந்தத் தலைமுறையினருக்கு உண்டு. அந்த வரிசை நின்றது எங்கே என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். பலர் சொல்லும் இடப்பெயர் போறணையாகத்தான் இருக்கும். பெயரளவில் பழையதாக இருந்த ஒரு சொல் இருபதாம் நூற்றாண்டில்தான் ஊர்தோறும் புழங்கும் சொல்லாயிற்று.

கேள்வி: சங்க இலக்கியத்தில் இத்தகைய இடத்துக்குப் பெயர் உண்டா? பண்டைத் தமிழர் மாவுப் பண்டங்களைச் சுட்டு விற்றார்கள் அல்லவா? (ஆசிரியை, மதுரை)

பதில்: விற்றார்கள். விற்றவர்களுக்குப் பெயரும் இருந்தது: கூவியர். "காரகல் கூவியர் பாகொடு பிடித்த இழைசூழ் வட்டம்" என்று பெரும்பாணாற்றுப்படை, கரிய அகலில் பாகு சேர்த்து அப்பம் சுட்ட வணிகரைச் சொல்கிறது. மதுரைக்காஞ்சியில், தேன்கூடு போன்ற மெல்லிய அடையும், உள்ளீடு வைத்துப் பிடித்த மோதகமும் விற்ற கூவியர், இரவு முதிர்ந்தபோது இருந்த இடத்திலேயே தூங்கி விழுகிறார்கள். உங்கள் ஊரின் இரவுக் கடைத்தெருவுக்கு அவ்வளவு பழைய சான்று வேறெங்கே கிடைக்கும்! சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தைச் சொல்லும் இடத்திலும் "காழியர் கூவியர்" என்று பிட்டு விற்போரோடு அடுத்து வருகிறார்கள்.

ஆனால் "காரகல்" என்பதைக் கவனிக்க வேண்டும். அது கரி படிந்த சட்டி. கூவியர் திறந்த நெருப்பின் மேல் சட்டி வைத்துச் சுட்டவர்கள். அவித்தல், வேக வைத்தல், பொரித்தல், வறுத்தல், சுடுதல் என்று வகைவகையாகப் பெயர் வைத்த நம் சமையல், மூடிய அறையின் உலர்ந்த வெப்பத்தில் மாவை வேக வைக்கும் முறையை மேற்கொள்ளவில்லை. அத்தகைய அறை நம்மிடம் இல்லாமலில்லை, குயவரிடம் இருந்தது. "அகலிரு விசும்பின் ஊன்றும் சூளை" என்று புறநானூற்றின் 228-ஆம் பாட்டில் ஐயூர் முடவனார் பாடியது வானளாவப் புகை எழுப்பிய குயவரின் சூளையை. கலம் சுட்ட வெப்பத்தில் உணவு சுடும் தேவை எழவில்லை. அதனால் பாண் வந்தபோது, அருகிலேயே இருந்த சூளை என்ற சொல்லை மக்கள் அதற்குக் கொடுக்கவில்லை; பண்டத்தோடு வந்த பெயரையே வைத்துக்கொண்டார்கள். கலத்துக்கும் கல்லுக்கும் உரிய பெயரை உண்ணும் பொருளுக்கு வைக்க மனம் ஒப்பவில்லை என்றே நான் ஊகிக்கிறேன். ஆகவே, கூவியரின் கடையைப் பழந்தமிழ்ப் போறணை என்று வகுப்பில் சொல்லிவிட வேண்டாம். அது அப்பக்கடை. அந்தப் பெருமையே அதற்குப் போதும்.

கேள்வி: புலம்பெயர் நாடொன்றில் சிற்றிதழ் நடத்துகிறோம். 1950-களின் யாழ்ப்பாணத்தில் நடக்கும் ஒரு கதையில் எழுத்தாளர் போறணை என்று எழுதியிருக்கிறார். பிறமொழிச் சொல் என்பதால் அதை "வெதுப்பகம்" என்று திருத்தலாமா? தமிழ்நாட்டு வாசகர்களுக்காக "அடுமனை" என்று போடலாம் என்பது இன்னொருவர் கருத்து. (ஆசிரியர் குழுவினர், டொரன்டோ)

பதில்: திருத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். காரணங்களைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் இந்தத் திருத்தம் நல்லெண்ணத்தோடு அடிக்கடி செய்யப்பட்டு, பழைய எழுத்துகளிலிருந்து ஒரு காலத்தின் குரலை நீக்கிவிடுகிறது.

வெதுப்பகம் என்பது பிற்காலத்தில் ஆக்கப்பட்ட சொல். கடைப்பெயர்களைத் தமிழில் எழுத வேண்டும் என்ற முனைப்பு வடக்கில் வலுத்த காலத்தில் அது பலகைகளில் ஏறியது. இன்று யாழ்ப்பாணத்தில் எந்தத் தெருவிலும் அதைப் படிக்கலாம். வெதுப்புதல் என்பதற்கு மிதமாகச் சூடுபடுத்துதல் என்பது பொருள். வெதுவெதுப்பு என்ற வழக்கும் அங்கிருந்து வருவதே. பாண் வேகும் சூடு இருநூறு பாகை செல்சியசுக்கும் மேல் என்பதால் சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே சிறு இடைவெளி உண்டு. ஆயினும் மக்கள் ஏற்றுப் பழகிவிட்ட சொல்லை அந்த ஒரு காரணத்துக்காகக் குறைசொல்வது முறையன்று. இன்றைய யாழ்ப்பாணத்தைப் பற்றிய கதையாக இருந்தால், கடையைக் குறிக்க வெதுப்பகம் மிகப் பொருத்தமானது.

அடுமனையின் நிலை வேறு. "அட்டாலும் பால்சுவையிற் குன்றாது" என்ற மூதுரை வரியில் வரும் அடுதல், காய்ச்சுதல், சமைத்தல் என்னும் பொருளது. சமைக்கும் இல்லம் அட்டில். சமைக்கும் மனை அடுமனை. இரண்டும் ஒரே முறையில் ஆனவை, இரண்டுக்கும் சொற்பொருள் சமையலறை என்பதே. பேக்கரிக்கு அது வழங்கத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். அழகான சொல் என்பதில் எனக்கு ஐயமில்லை. தமிழ்நாட்டில் அது வேரூன்றினால் வரவேற்பேன். ஆனால் பாணுக்கே உரிய அந்தச் செங்கல் அறையை அந்தச் சொல் காட்டாது.

உங்கள் கதைக்கு வருவோம். 1950-களில் வாழும் ஒரு பாத்திரம், நான்கு மணிக்கு எழுந்து போறணைக்குப் போகிறான். அவன் வாயிலோ நினைவிலோ வெதுப்பகம் என்ற சொல் வர வழியில்லை. அது மட்டுமன்று. அவன் கடைக்குப் போகிறானா, அடுப்பு மூட்டப் போகிறானா என்பதை வாசகர் இடம் பார்த்து உணர்வதற்குப் போறணை என்ற ஒரே சொல் இடம் தருகிறது. வெதுப்பகம் என்று திருத்தினால் "போறணைக்குள் விறகு அடுக்கினான்" என்று அடுத்த பத்தியில் வரும் வரியை என்ன செய்வீர்கள்? வெதுப்பகத்துக்குள் விறகு அடுக்கினான் என்றால் கட்டடத்துக்குள் எங்கோ விறகை அடுக்கி வைத்தான் என்றுதான் பொருள்படும். அங்கே தொழில் மறைந்து, கட்டடம் மட்டும் நிற்கும்.

பிறமொழிச் சொல் என்ற தடையைப் பொறுத்தவரை, அந்தக் கதையிலேயே மேசையும் சாவியும் அலமாரியும் வராமலா இருக்கும்? அவற்றைத் திருத்தாமல் போறணையை மட்டும் திருத்துவதற்கு நியாயம் இல்லை. முதலில் கூறியவை பழகியவை, இது பழகாதது என்ற ஒன்றே வேறுபாடு. பழகாதது என்பதும் நம் தலைமுறைக்கும் தமிழ்நாட்டு வாசகர்களுக்கும்தானே தவிர, அந்தப் பாத்திரத்துக்கு அன்று. தமிழ்நாட்டு வாசகர்களுக்காகக் கதையின் அடியில் "பாண் சுடும் செங்கல் அடுப்பு, அது உள்ள இடம்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பாணையும் ரொட்டி என்று மாற்றிவிடாதீர்கள். ஈழத்தில் ரொட்டி என்றால் தட்டிக் கல்லில் சுடுவது. தேங்காய்ப்பூ சேர்த்த ரொட்டியை நினைத்துக்கொண்டு அச்சுப் பாணைப் படிக்க நேர்ந்தால், ஈழத்து வாசகர் தடுமாறுவார்.

கேள்வி: போரணையா, போறணையா? பன்மை உண்டா? (மாணவர், மட்டக்களப்பு)

பதில்: இரு வடிவமும் எழுதப்படுகின்றன. பிறமொழி ரகரத்தை வல்லின றகரமாகக் கேட்டு எழுதுவது ஈழத்து வழக்கம். றோட்டு, றேடியோ, றோஸ் பாண் என்பவை போல. பேச்சில் ஒலிப்பதும் றகரமே என்பதால் போறணை என்று எழுதுவதையே நான் பரிந்துரைப்பேன். பழைய எழுத்து ஒன்றைப் பதிப்பிக்கும்போது போரணை என்று இருந்தால் அதை அப்படியே விடுங்கள். பன்மை போறணைகள். பாண் சுடும் இடத்தை ஐயமின்றிக் குறிக்க வேண்டிய கட்டுரைகளில் பாண் போறணை என்றும், சுண்ணாம்பு நீற்றுவதைச் சுண்ணாம்புப் போறணை என்றும் அடைகொடுத்து எழுதுங்கள். சுண்ணாம்பு என்பதை அடுத்துப் பகரம் மிகும், பாண் என்பதை அடுத்து மிகாது.